சேலை என்ற சுவர்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, ஓர்ஸ் ஹில் வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் வெளியேறினோம். அம்மா கையில் எடுத்தது நான்கு சேலைகள். முகாமில் இரண்டு, கயிற்றில் மறைப்பாகத் தொங்கின. அதற்குப் பின்னால்தான் அக்கா உடை மாற்றுவா, அழுவா. மற்றொன்று இரவில் எங்கள் எல்லோருக்கும் போர்வை.

உடையையே உறைவிடமாகவும் மனதுக்குக் காவலாகவும் வடிவமைப்பது இன்று உலகறிந்த கலை. லூசி ஓர்ட்டா என்ற பிரித்தானியக் கலைஞர் 1992 இல் தொடங்கிய 'றெபியூஜ் வெயர்' வரிசையில், கூடாரமாக விரியும் மேலங்கியும் உண்டு. சைப்பிரஸில் பிறந்த ஹுசைன் சலாயன், 2000 ஆம் ஆண்டு லண்டன் மேடையில் கதிரை உறைகளைச் சட்டைகளாகவும் மரமேசையைப் பாவாடையாகவும் மாற்றிக் காட்டினார். திடீரென வீட்டை விட்டு ஓடுவோர் எதைக் காவிச் செல்வார்கள் என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

எங்கள் பெண்கள் அதற்கு ஏற்கெனவே விடை கண்டிருந்தார்கள். 2009 இல் வன்னியில் பட்டுச்சேலைகள்கூட மண்மூட்டைகளாகத் தைக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கு அரணாகின.

ஓர்ட்டாவினதும் சலாயனினதும் ஆக்கங்கள் அருங்காட்சியகங்களில் காட்டப்படுகின்றன. அம்மாவின் சேலையொன்று எங்கள் அலுமாரியில் இருக்கிறது. கயிறு கட்டிய மூலை கிழிந்தபடியே. உங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்தால், அதன் கதையை உரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.