மேகசினின் பின் பக்கங்கள்

கேரளத்தில் கல்லூரி ஆண்டுமலருக்குப் பெயர் மேகசின். ஸ்டாஃப் எடிட்டர் என்று ஒரு பேராசிரியர் இருப்பார். ஆனால் ஆசிரியர் நாற்காலி ஸ்டூடண்ட் எடிட்டருக்குத்தான். யூனியன் தேர்தலில் சேர்மன், செகரட்டரி பதவிகளுக்கு நிற்பவர்களோடு அவரும் நின்று, கொடி பிடித்து, வகுப்பு வகுப்பாக ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வேண்டும். பொள்ளாச்சியில் படித்த என் சித்தி மகனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "புக்கு போடறதுக்கெல்லாமா எலெக்‌ஷன் வெப்பாங்கக்கா?" என்றான். வைப்பார்கள். அதனால்தான் கேரளத்து மேகசின்கள் சண்டைக்கு நிற்கும். சில தடைபடும், சில எரிக்கவும் படும்.

தேர்தல் என்றால் எண்ணிக்கை. எண்ணிக்கை என்று வந்ததும் தமிழ் மாணவர்களான எங்களுக்குப் பின் பக்கங்கள்தான் மிஞ்சின. முன்னால் மலையாளம், அடுத்து ஆங்கிலம், இந்தி, கடைசியில் 'தமிழ்ப் பகுதி'. 1980களின் நடுவில் நான் படித்த கல்லூரியில் அப்படித்தான் இருந்தது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம்.

எல்லையோரத் தமிழர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். 1949க்கு முன்பு நாங்கள் மூன்று அரசுகளின் குடிகள். பாலக்காடு மலபார் மாவட்டத்தோடு சென்னை ராஜதானியில் இருந்தது. சித்தூர் கொச்சி ராஜாவுக்கு. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கு. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளம், பீர்மேட்டுக்காக நடந்த போராட்டம் தோற்று, அவை கேரளத்தோடு நின்றன. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்றது. பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தமிழில் எழுதவும் வழி உண்டு. மனுவுக்கும் பரீட்சைக்கும் சட்டம் இருந்தது. மேகசின் யூனியன்காரர்களின் தயவில் நடந்தது.

பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1866இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கல்லூரி. எம்.டி. வாசுதேவன் நாயர் அங்கே வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோதே, 1952இல், அவருடைய முதல் கதைத் தொகுப்பு நண்பர்களின் முயற்சியில் வெளிவந்தது. ஓ.வி. விஜயனும் அங்கே படித்தவர். 1969இல் நூலாக வந்த அவருடைய 'கசாக்கின் இதிகாசம்' பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்தை வைத்து எழுதப்பட்டது. எங்கள் பக்கத்துத் தமிழ் கலந்த பேச்சு அதில் மணக்கிறது. படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பேச்சு கதாபாத்திரங்களின் வாயில்தான் இருந்தது. எழுதும் கை வேறு.

சித்தூர் அரசுக் கல்லூரி 1947இல் வந்தது. சோகநாசினி ஆற்றங்கரை. மலையாளத்தின் தந்தை எனப்படும் எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த ஊரில், தமிழுக்கும் ஒரு துறை அமைந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பிள்ளைகள் பலர் தமிழ் படித்ததும், என்னைப் போலத் தமிழ் ஆசிரியர்களாக ஆனதும் அதனால்தான்.

தமிழ்ப் பகுதியை அச்சுக்குக் கொண்டுபோவது தனிப் பாடு. உள்ளூர் அச்சகங்களில் மலையாள எழுத்து இருக்கும், தமிழ் இருக்காது. பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பேருந்தில் எடுத்துப்போய்க் கோத்து வாங்கி வரவேண்டும். புரூஃப் பார்க்கக் கமிட்டியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் கிடையாது. ஒரு வருடம் ஒரு கவிதையின் இரண்டாம் பக்கம் முதலிலும் முதல் பக்கம் இரண்டாவதாகவும் வந்துவிட்டது. புதுக்கவிதை, யாரும் கண்டுபிடிக்கவில்லை. எழுதியவனே அப்படியும் நன்றாக இருக்கிறது என்றான்.

என் குறை பக்க எண்ணிக்கை பற்றியதல்ல. கேட்டால் பக்கம் கொடுப்பார்கள், மலையாளி நண்பர்கள் அந்த விஷயத்தில் தாராளம். எங்களிடம் எப்போதும் கவிதைதான் கேட்டார்கள். 'அம்மா', 'தமிழே அமுதே', கொஞ்சம் மழை. ஹாஸ்டலில் தமிழ்ப் பிள்ளைகள் படும் பாட்டை எழுதிக் கொடுத்தால், அது மலையாளப் பகுதியில் வரவேண்டிய சங்கதி என்பார்கள். மலையாளத்தில் எழுத எங்களால் முடியாது. கவிதைக்கு இடம், செய்திக்கு இல்லை. இந்த ஏற்பாட்டில் எங்களுக்கும் ஒரு சுகம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கவிதை யாரையும் பகைக்காது.

எல்லைக்கு அந்தப் பக்கம் மாணவர் பத்திரிகையின் மரபு வேறு மாதிரி. திருவாரூரில் மு. கருணாநிதி மாணவப் பருவத்தில் 'மாணவ நேசன்' என்ற கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942இல் அவருடைய 'முரசொலி' துண்டறிக்கையாகத் தொடங்கியது. கையால் எழுதிய தாள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பி.எஸ்.சி. வழியாக வேலை கிடைத்து எனக்கு இடுக்கியில் போஸ்டிங். கேரளத்தின் ஒரு தமிழ்ப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறையூரில் ஏற வேண்டும். அங்கே தோட்டத்துப் பிள்ளைகளை வைத்துச் சுவர்ப் பத்திரிகை போட்டோம். முதலில் அவர்களும் கவிதைதான் கொண்டுவந்தார்கள். கவிதை வேண்டாம், நேற்று உங்கள் லயத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள் என்றேன். குழாயில் தண்ணீர் வராததை ஒரு பெண் எழுதினாள், எத்தனை நாள், எந்த வரிசை வீடு என்பது வரைக்கும். மாலைக்குள் அந்தத் தாளை எடுத்துவிடச் சொல்லி மேலிருந்து ஆள் வந்தது. அவள் எழுதியது செய்திதான் என்பதற்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தமிழ் ஆசிரியர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. முதுவர் பழங்குடிப் பிள்ளை தன் பேச்சில் எழுதி வந்தால் சிவப்பு மை உடனே பாயும். முதுவர்கள் வாழும் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து ஆனது. அந்த மக்களின் பேச்சு தமிழுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு அது 'கொச்சைத் தமிழ்' என்று வெட்டுப்படும். அட்டப்பாடியில் இருளர் பிள்ளைகளுக்கும் இதே கதி. பின் பக்கத்துக்காரர்களுக்கும் ஒரு பின் பக்கம் உண்டு.

2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, மூணாற்றில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர். அன்று அவர்களுக்கு நாள்கூலி 232 ரூபாய். கேமராக்கள் கொச்சியிலிருந்து வந்தன. அந்தத் தாய்மார்களின் பிள்ளைகள் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்தார்கள், மேகசினில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள்; செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று. சிக்னல் இல்லை. அந்த வருடம் ஆன்லைன் வகுப்புக்காக அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறி உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பிற்பாடு எல்லோரும் எழுதினார்கள்.

2025 ஜனவரியில் மாநிலப் பள்ளிக் கலோத்சவத்தில் பழங்குடிக் கலைகள் ஐந்து போட்டிகளாகச் சேர்ந்தன. இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலயர் ஆட்டம் மூன்றும் எங்கள் எல்லை மலைகளுக்குச் சொந்தம். சந்தோஷம். தமிழுக்குச் செய்யுள் ஒப்பித்தலும் பேச்சும் முன்பே இருந்தன. ஆடலாம், பாடலாம், பேசலாம்.

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2018இல் அரசு தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' கணினிக் கிளப்புகள். பள்ளிக்குக் கேமரா, டிஜிட்டல் மேகசின் போடும் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. தேர்தல் இல்லை, பொள்ளாச்சிக்கு எடுத்துப்போகிற வேலையும் இல்லை. யூனிகோடில் தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் உட்காரும். ஓய்வு பெறுவதற்கு முன் நான் இருந்த எல்லையோரப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் எடுத்த செய்தி எஸ்.டி. டிக்கெட், அதாவது மாணவர் சலுகைச் சீட்டு, பற்றியது. கன்செஷன் மாணவர்களைக் கண்டால் தனியார் பேருந்துகள் நிறுத்தாமல் போகும். நிறுத்தத்தில் நின்று, எந்த வண்டி எத்தனை மணிக்கு நிற்காமல் போனது என்று தமிழிலும் மலையாளத்திலும் பதிவு செய்தார்கள். பிரேயரின்போது போட்டுக் காட்டினார்கள். அடுத்த வாரம் இரண்டு வண்டிகள் நிற்கத் தொடங்கின. மூன்றாவது நிற்கவில்லை. அதன் நேரத்தை அடுத்த இதழிலும் போட்டார்கள், இந்த முறை டிரைவரிடம் பேட்டி கேட்டு.