சாட்டையின் சரித்திரமும் நடிப்புச் சாட்டைத் தொழிலும்



மக்கள் கையாண்ட கருவிகள் ஒவ்வொன்றற்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஏர், துடுப்பு, வலை, துலாக்கோல் முதலியவற்றின் சரித்திரத்தைப் பெருமையோடு எடுத்துரைப்பார் பலர். சாட்டையின் சரித்திரத்தை எடுத்துரைப்பாரோ அரியர். அது பெரும்பாலும் பிறர் முதுகில் எழுதப்பட்ட சரித்திரமாதலே அதற்குக் காரணம் போலும். அதனை ஆராய்ந்தறியும் ஊக்கம் எனக்கு உண்டானது மாணவன் ஒருவனால் ஆகும். ஆதலின் அவ்விருத்தாந்தத்தை முதற்கண் கூறி மேற்செல்வேன்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக்கு வடக்கே, கடலலை காதில் விழும் தொலைவில் அமைந்தது நம் ஆலந்தலை. அவ்வூர்ப் பிள்ளைகளுள் என்னிடம் பயிலும் ஒருவன், பைக்குள் சுருட்டி மறைத்துக் கொணர்ந்த பொருளொன்றை யான் கைப்பற்றினேன். அஃது ஏறக்குறைய ஏழு முழ நீளமுள்ள தோற்சாட்டை. ஆங்கிலத் திரைப்படமொன்றில் தொல்பொருள் ஆராய்வோனாக வரும் வீரனது இடுப்பில் தொங்கும் சாட்டையைக் கண்டு, பழைய தோற்பைகளை அறுத்து வார் எடுத்து, அதனைப் போலவே தானே பின்னியதாக அவன் கூறினான். கல்விச்சாலைக்குச் சாட்டை எதற்கு என்று கடிந்து, அதனை மேசையறையில் இட்டுப் பூட்டினேன்.

மாலையில் அதனை எடுத்து நோக்கியபோது என் சினம் வியப்பாக மாறிற்று. எட்டு வார்களும் ஒன்றோடொன்று பிணைந்து, பாம்பின் மேனிபோல் ஒழுங்காக இறங்கின. பருமன் கைப்பிடியிலிருந்து நுனிவரை சிறிது சிறிதாகக் குறைந்தது. கைப்பிடியின் தலையில் மரக்கலத்தார் கயிற்றில் இடும் உருண்டை முடிச்சொன்று விளங்கிற்று. நுனியிலோ வலைநூலைத் திரித்து முடிந்திருந்தான்.

மறுநாள் அவன் அன்னையார் வந்தனர். சாட்டையைத் திருப்பிக் கேட்பதற்கு அன்று. மகனை அத்தொழிலினின்றும் விலக்கவேண்டும் என்று கேட்பதற்கே வந்தனர். "தோல் அறுக்கிற வேலை நமக்கு ஆகுமா சார்? ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்பது அவ்வம்மையார் வினா. அன்று விடை கூற இயலாமல் நின்றேன். இக்கட்டுரையே என் விடையாகும்.

இனிச் சாட்டையின் பெயர்களை நோக்குவாம். தமிழில் இதற்குச் சாட்டை, சம்மட்டி, கசை, சவுக்கு, மத்திகை எனப் பெயர்கள் பல உள. இவற்றுள் கசை என்பது வடமொழியினின்றும் வந்தது. மத்திகை என்னும் பழஞ்சொல் பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டிற் காணப்படுகின்றது. அரசனது பாசறையைக் காக்கும் யவனர், சட்டையணிந்து, இறுகக் கட்டிய உடைமேல் மத்திகையை வளைத்துச் சுற்றியிருந்தனர் என்று அதன் ஆசிரியர் நப்பூதனார் பாடுகின்றார். கிரேக்க மொழியில் சாட்டையைக் குறிக்கும் 'மாஸ்திக்ஸ்' என்னும் சொல்லே மத்திகையாயிற்று என அறிஞர் சிலர் கருதுவர். அங்ஙனமாயின், கடல் கடந்து வந்த யவனன் பொன்னோடும் மதுவோடும் சாட்டையின் பெயரையும் தமிழ்நாட்டில் இறக்கினன் என்க. இடுப்பிற் சாட்டை சுற்றிய வீரனைக் கண்டு நம் பிள்ளைகள் இன்று வியக்கின்றனர். அக்கோலத்தை நப்பூதனார் முன்னரே கண்டு பாடிவிட்டார்.

சவுக்கு என்பதன் வழி வேறு. பாரசீகத்தின் 'சாபுக்' என்னும் சொல் இந்துஸ்தானி வாயிலாகத் தமிழிற் சவுக்காயிற்று. அச்சொல்லே மலாய் மொழியிற் புகுந்து, அங்கிருந்து ஒல்லாந்தர் வழியே தென்னாப்பிரிக்கா சென்று 'ஷாம்பொக்' என்னும் கொடிய தடிச்சாட்டையின் பெயராயிற்று. 1860ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நாட்டால் நாட்டிற்குச் சென்ற தமிழர் அச்சாட்டையை நன்கறிவர். 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அங்கே அடியுண்டாருள்ளும் தமிழர் பலர்.

நிற்க. நம் கடற்கரையும் இச்சரித்திரத்திற்குப் புறம்பானதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் நூல், பாண்டியர்க்குரிய கொற்கைத் துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக்கொண்டு முத்துக்குளிப்பித்தனர் என்று கூறுகின்றது. சாட்டையைப் பற்றி அந்நூல் யாதும் கூறவில்லை. ஆயினும், தண்டனையாக மூழ்குவோனைக் கரையில் நின்று காவல் செய்வோன் வெறுங்கையனாய் நின்றிருப்பன் என நினைத்தற்கில்லை. முத்தின் ஒளியைப் பாடும் நாம், அதனை எடுத்தார் முதுகையும் ஒருகால் நினைத்தல் தகும்.

பிற்காலத்தில் ஆங்கில அரசாட்சியில் நிலவரி தண்டும் பொருட்டுக் குடிகளை வதைத்த கொடுமைகள் பற்றிச் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1855ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் அறிக்கை, வெயிலில் குனிந்து நிற்கச் செய்தல், விரல்களை நெருக்குதல், கசையாலடித்தல் முதலிய வதைகளை எடுத்துரைத்தது. இஃது இங்ஙனமாக, 1864ஆம் ஆண்டிலேயே கசையடிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, திருட்டு முதலிய குற்றங்கட்குக் கசையடி சட்டபூர்வமான தண்டனையாயிற்று. 1909ஆம் ஆண்டு அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1955ஆம் ஆண்டில் கசையடி ஒழிப்புச் சட்டத்தால் அத்தண்டனை நீக்கப்பட்டது. ஆசிரியர் கையிலிருந்த பிரம்போ, 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்தால் விலக்கப்படும்வரை வாழ்ந்தது. யானும் பணியேற்ற தொடக்கத்தில் பிரம்பெடுத்தவனே. அதனால் ஒருவனுக்கும் இலக்கணம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அடிக்கும் சாட்டை இவ்வாறு தன் உத்தியோகத்தை இழந்து வர, நடிக்கும் சாட்டை வேறொருபுறம் தலையெடுத்தது. 1925ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஊமைப்படமொன்றிற்காக, டக்ளஸ் பேர்பாங்ஸ் என்னும் நடிகர், ஆஸ்திரேலியராகிய ஸ்நோவி பேக்கர் என்பாரிடம் நெடுஞ்சாட்டை வீசப் பயின்றார். மாட்டு மந்தை மேய்ப்போர் கையிலிருந்த கருவி இங்ஙனம் வெள்ளித்திரையேறிற்று. பேர்பாங்ஸின் படங்களிற் பெருவிருப்புடையவர் பம்பாயில் வாடியா மூவிடோன் நிறுவிய ஜே. பி. எச். வாடியா. அவர்தம் நிறுவனம் 1935ஆம் ஆண்டில், ஹோமி வாடியாவின் இயக்கத்தில், 'ஹண்டர்வாலி' என்னும் இந்திப் பேசும்படத்தை வெளியிட்டது. 'சாட்டைக்காரி' என்பது அப்பெயரின் பொருள். ஆஸ்திரேலியாவிற் பிறந்து சிறுமியாய்ப் பம்பாய் வந்து வளர்ந்த நாடியா என்னும் நடிகை, முகமூடியணிந்து, கையிற் சாட்டையேந்தி, கொடிய அமைச்சனை எதிர்க்கும் அரசகுமாரியாகத் தோன்றினார். படம் இருபத்தைந்து வாரங்களுக்கு மேல் ஓடிற்று.

நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி இதன் பின்னரே வருகின்றது. அப்படத்தின் புகழைக் கண்ட வணிகர், வாடியாக்களின் இசைவு பெறாமலே, ஹண்டர்வாலிப் பெயரிட்ட இடைவார்கள், பாதரட்சைகள், தீப்பெட்டிகளோடு சாட்டைகளையும் விற்றனர். திரையிற் கண்ட சாட்டையைப் போன்றதொன்றைத் தன் கையிற் கொள்ள வேண்டும் என்னும் ஆசை நம் மாணவனுக்குப் புதிதாக வந்ததன்று. தொண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே இந்நாட்டில் அதற்குக் கடைவீதி இருந்தது.

தமிழ்நாட்டாரோ சாட்டையென்றவுடன் 1965ஆம் ஆண்டில் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யை நினைப்பர். எம். ஜி. இராமச்சந்திரன் இரு வேடம் புனைந்த அப்படத்தில், அஞ்சி நடுங்கும் ஒருவனை அடிக்க நம்பியார் ஏந்திய சாட்டை, அஞ்சாத மற்றவன் கைக்கு மாறுகின்றது. கொட்டகைகளில் அப்போது எழுந்த ஆரவாரத்தை நம் இல்லத்து முதியோர் இன்றும் கூறுவர். கசையடி சட்டத்தினின்றும் நீங்கிப் பத்தாண்டே ஆகியிருந்தது. அடிவாங்கிய தலைமுறையார் அக்காட்சியைக் கண்டு எழுப்பிய ஒலியை வெறும் கேளிக்கையென்று தள்ளுதல் கூடாது.

இனி, மாணவன் கண்ட வீரன் 'இந்தியானா ஜோன்ஸ்' என்பவன். ஹாரிசன் போர்டு அவ்வேடம் பூண்ட முதற்படம் 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1984ஆம் ஆண்டின் இரண்டாம் படம் இந்தியாவில் நிகழ்வதாகக் கதை. படம் பிடித்ததோ இலங்கைக் கண்டியில். அதிற் கொடியோர், நம் நாட்டுச் சிறுவரைச் சுரங்கத்தில் அடைத்துச் சாட்டையால் வேலை வாங்குவதாகக் காட்டினர். அச்சித்திரிப்பு இந்நாட்டார் பலர்க்கு வெறுப்பை விளைத்தது. அது நிற்க. வீரன் கைச்சாட்டைகளை முடைந்தவர் டேவிட் மார்கன் என்னும் அமெரிக்கர். சாட்டை முடையுங்கலை பற்றி 1972ஆம் ஆண்டிலேயே அவர் நூல் எழுதினார். அதனை வெளியிட்டது கப்பற்றொழில் நூல்களை அச்சிடும் பதிப்பகம் ஆகும். மூன்றாம் படத்திற் பயன்பட்ட சாட்டையொன்று 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 5,25,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அவ்விலை கொடுக்கவியலாதார் அதன் பிரதியைத் தாமே முடைகின்றனர். முடைவார்க்குக் கூலி கொடுத்தும் பெறுகின்றனர். மேனாடுகளில் இஃது ஒரு நற்கைத்தொழிலாயிருக்கின்றது.

அத்தொழிலின் இயல்பைச் சுருக்கிக் கூறுவேன். சிறந்த தோல் கங்காரு என்னும் விலங்கினுடையது. மெல்லிதாய்ச் சீவினும் அறாத உறுதி வாய்ந்தது. அது கிட்டாதவிடத்து மாட்டுத்தோலும் பயன்படும். தோலை விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி அறுத்தால் சிறிய தோலிலும் நீண்ட வார் கிடைக்கும். வார்களை இழுத்து நீட்டி, ஓரஞ் சீவி, கொழுப்புத் தடவிப் பதப்படுத்துவர். கைப்பிடியினுள் இரும்புக் கோல் ஒன்று நிற்கும். அதன்மேல் நடுக்கருவாக ஒரு சிறு பின்னல், அதனைப் போர்த்து மற்றொரு தோல், அதன்மேற் புறப்பின்னல். எட்டு வார்ப் பின்னலாயின் இடம் நான்கு, வலம் நான்காகப் பிரித்து, மேல்வார் பின்புறஞ் சுற்றி வந்து, எதிர்ப்புறத்து இரண்டன் கீழும் இரண்டன் மேலுமாகப் புகுந்து தன் பக்கத்திற்கே மீளும். சாட்டை மெலிய மெலிய வார்களை ஒவ்வொன்றாக உள்ளே அடக்கி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு போகவேண்டும். ஓரிடத்தில் இறுக்கம் தவறினும் வீசும்போது அவ்விடத்தே வளைவு முறியும்.

வீசிய சாட்டை வெடியொலி எழுப்புவது ஏன் என்பார்க்கு விடை இது: கையின் வேகம் பருத்த பகுதியினின்றும் மெல்லிய நுனிக்குச் செல்லுந்தோறும் பெருகி, நுனி ஒலியினும் விரைந்தோடுகின்றது. ஒலி ஒரு மணிக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் செல்வது. அதனைக் கடக்கும் கணத்தில் காற்று அதிர்ந்து வெடிக்கின்றது. சாட்டை எதன்மேலும் படவேண்டுவதில்லை. பயில்வோர் கண்ணையும் செவியையும் காத்துக்கொள்ளல் வேண்டும். ஆளில்லா வெளியே அதற்கு உரிய இடம்.

இனி அவ்வம்மையார் வினாவிற்கு வருவேன். தோல்வேலை நமக்கு ஆகுமா? வார், புரி, முறுக்கு, முடிச்சு என்னும் இவை நம் முன்னோர்க்குப் புதியனவா? கடலடியில் மூழ்கியவன் உயிர், மேலே ஒருவன் பிடித்த கயிற்றின் முறுக்கில் தொங்கிற்று. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. கையால் முடைந்த நூல்வலை போய் ஆலையில் நெய்த நைலான் வலை வந்தது. நம் பாட்டன்மார் விரல்களில் இருந்த வித்தை, கற்பாரின்றி அவர்களோடு போகின்றது. அவ்வித்தை யாரும் கற்பியாமலே ஒரு சிறுவன் விரல்களில் மீண்டும் தோன்றுமாயின், அது கயிற்றிலன்றித் தோலில் தோன்றிற்று என்று வெறுத்தல் பேதைமையன்றோ?

மேலும், தோல் இழிந்தது என்னும் எண்ணமே ஆராயத்தக்கது. ஆவாரம்பட்டையிட்டுத் தமிழர் பதப்படுத்திய தோல் கடல்கடந்து சீமைச் சந்தைகளில் விலைபோயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் தோலாற் பெயர் பெற்றன. 1948ஆம் ஆண்டில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் நிறுவப்பட்டது. நாம் தோற்செருப்பணிந்து கோயில் வாயில்வரை செல்கின்றோம். திருவிழாவில் தோற்பறை முழங்கக் களிக்கின்றோம். ஆனால் அத்தோலைப் பதஞ்செய்தாரை நூற்றாண்டுகளாகத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினோம். மீன்நாற்றமென்று நம்மை எள்ளியோர் உண்டு. அப்பொழுது நம் நெஞ்சு புண்பட்டது. அதே புண்ணைத் தோல்நாற்றமென்று பிறர்க்கு நாம் செய்யலாமோ? உழைப்பின் நாற்றத்தை இகழும் நாவும் ஒருவகைச் சாட்டையே.

அன்னையாரை மீண்டும் அழைத்து இவற்றையெல்லாம் எளிய சொற்களிற் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்து, "எங்க அப்பாவும் இப்படித்தான் கயிறு பின்னுவாங்க" என்றார். சாட்டையை அவர் கையிலேயே கொடுத்தேன். கல்விச்சாலைக்குக் கொணர்தல் கூடாது என்னும் ஒரு விதியை மட்டும் மாணவனுக்கு வைத்தேன்.

சங்கத்தாரை யான் வேண்டுவது ஒன்றுண்டு. கோடை விடுமுறையில் நம் ஊர்களில் இன்னும் எஞ்சியுள்ள கயிற்று வேலை, வலை வேலை அறிந்த முதியோரை அழைத்துச் சிறுவர் சிறுமியர்க்குப் பின்னலும் முடிச்சும் கற்பிக்கலாம். தோல்வேலை வல்லார் எக்குலத்தவராயினும் அவரையும் ஆசானாக அழைத்து, மற்றை ஆசிரியர்க்கு இடும் அதே நாற்காலியை அவர்க்கும் இடலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, மனமே வேண்டும். சாட்டை இனி எவர் முதுகையும் தொடாது கைவல்லார்க்குச் சோறளிக்குமாயின், அதன் பழைய பாவத்திற்கு அதுவே தக்க கழுவாயாகும்.