ஒரு எக்ஸ்ரே, அவ்வளவுதானா?
பிரிட்டனின் காசநோய் விதிக்கு ஓர் உரை

விஜயபுரம், நகரி, புத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் திருப்பதியில் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, நோயறிதல் துறையில் முதுகலை படிக்க பிரிட்டன் போக நினைத்தால், முதல் பாடப்புத்தகத்துக்கு முன்பே கைக்கு வருவது விசா விதி. அதில் காசநோய்ப் பரிசோதனை பற்றிய பகுதி சிறியது. “ஒரு எக்ஸ்ரே, அவ்வளவுதான்” என்று ஏஜென்ட் தாண்டிப் போய்விடுவார். நின்று படித்தால், அவர்கள் அங்கே போய்ப் படிக்கவிருக்கும் பாடத்தில் பாதி இதிலேயே இருக்கிறது. விதியின் கருத்தைத் தமிழில் துண்டு துண்டாகச் சொல்லி உரை எழுதுகிறேன்.

“பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து, ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருபவர்”

பட்டியல் என்றது, ஆண்டுக்கு லட்சம் பேரில் 40 பேருக்கோ அதற்கு மேலோ காசநோய் வரும் நாடுகளை. 2023-க்கு இந்தியாவின் மதிப்பீடு லட்சத்துக்கு 195. ஓராண்டு முதுகலைக்குப் போகிறவர், நெஞ்சில் ஒரு இருமல்கூட இல்லாவிட்டாலும், இந்த வரிக்குள் வந்துவிடுகிறார். பிறந்து வளர்ந்த ஊரை வைத்துச் சந்தேகப்படுகிறார்களே என்று கோபம் வருவது நியாயம்தான். ஆனால் நோயறிதலின் முதல் கணக்கு இதுவே: சோதனை செய்வதற்கு முன்பே, இவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்பது. அந்த எண் தெரியாமல் எந்த முடிவையும் படிக்க முடியாது. ஏன் முடியாது என்பது எக்ஸ்ரே வரியில் விளங்கும்.

“அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ மையத்தில் மட்டும்”

சென்னை, ஐதராபாத் போன்ற நகரங்களில் இருக்கும் குறிப்பிட்ட மையங்களைச் சொல்கிறது. ஊர்ப் பக்கம் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த படமானாலும் பட்டியலில் இல்லையென்றால் செல்லாது. பாஸ்போர்ட்டில் இருப்பவர்தான் கருவி முன் நிற்கிறாரா, படத்தைப் படிப்பவர் ஒரே அளவுகோலில் படிக்கிறாரா என்பவை இதில் அடங்கும். ஆய்வகத்தில் தரக் கட்டுப்பாடு என்று தனித்தாளாகப் படிப்பது இதைத்தான்.

ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி சென்னைக்குப் போகிறவர் வழியில் திருவள்ளூரைத் தாண்டுவார். அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அந்தப் பக்கத்துக் கிராமங்களில்தான் 1968-ல் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. ஏறக்குறைய 2,60,000 பேர் அதில் பங்கெடுத்தார்கள். 1979-ல் வந்த முதல் முடிவு எல்லோரையும் உலுக்கியது: நுரையீரல் காசத்துக்கு எதிராக அந்த ஊசி அங்கே பாதுகாப்பு தரவில்லை. ஆகையால் “எனக்குத்தான் சின்ன வயதில் ஊசி போட்டிருக்கிறதே” என்று தோளில் உள்ள தழும்பைக் காட்டினால் மையத்தில் எடுபடாது.

“மார்பு எக்ஸ்ரே எடுக்கப்படும்”

இதுவே இந்த விதியின் நடுநாயகம். எக்ஸ்ரே நோயை உறுதி செய்யாது. யாரை மேலும் பார்க்க வேண்டும் என்று பிரித்துத் தரும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 10,000 மாணவர்கள். அவர்களில் 10 பேருக்கு நோய். நோயாளிகளில் 100-க்கு 90 பேரைப் படம் பிடித்துவிடும். நோயில்லாதவர்களில் 100-க்கு 95 பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க அருமையான கருவி. இப்போது எண்ணுங்கள். பத்தில் 9 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 9,990 பேரில் 100-க்கு 5 பேர் என்றால் ஏறக்குறைய 500 பேரும் கூடவே சிக்குவார்கள். ஆக, ‘படத்தில் ஏதோ தெரிகிறது’ என்று தனியே உட்கார வைக்கப்படும் 509 பேரில் உண்மை நோயாளி 9 பேர். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

அதே கருவியை இரண்டு வாரமாக இருமி, எடை குறைந்து வருபவர்களிடம் காட்டினால் விகிதம் வெகுவாக உயரும். கருவி மாறவில்லை, முன்வாய்ப்பு மாறிவிட்டது. எனவே அந்த 509 பேரில் ஒருவராக உட்கார நேர்ந்தால் வீட்டுக்குப் போன் போட்டு அழ வேண்டாம். பழைய நிமோனியாவின் வடு, எப்போதோ ஆறிய காசத்தின் சுண்ணாம்புப் படிவு என எதுவும் நிழலாக விழும்.

“படம் தெளிவில்லையெனில் சளி மாதிரி தர வேண்டும்”

அடுத்தடுத்து மூன்று நாள், காலைச் சளி. எச்சில் அல்ல, ஆழ இருமி எடுத்தது. முதலில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒரு மில்லிலிட்டரில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணுக்குச் சிக்கும். அதனால் வளர்த்துப் பார்க்கிறார்கள். பத்து, நூறு கிருமி இருந்தாலே அது முளைத்துக் காட்டிவிடும். விலை என்னவென்றால் காலம். ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கிறது; காசக் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம்; அந்தக் கெடு அதிகாரி வைத்ததல்ல, கிருமி வைத்தது.

இரண்டு மணி நேரத்தில் சொல்லும் மரபணுச் சோதனையான ஜீன்எக்ஸ்பர்ட் 2010-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை பெற்றது. இந்தியாவில் உருவான ட்ரூநாட்டும் 2020-ல் பெற்றது. பிறகு ஏன் இந்தக் காத்திருப்பு? மரபணுச் சோதனை செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் காட்டும், முன்பு சிகிச்சை பெற்றவரிடம் குழப்பம் வரும். வளர்வது உயிருள்ளது மட்டுமே. செப்டம்பர் சேர்க்கைக்கு ஜூலை கடைசியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் இந்த எட்டு வாரத்தை விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும்.

“நோய் உறுதியானால் சிகிச்சை முடித்த பின்பே சான்றிதழ்”

வழக்கமான காசத்துக்கு ஆறு மாத மருந்து. ஒரு சேர்க்கை போகும், வாழ்க்கை போகாது. ஒரு காலத்தில் இந்த வரிக்கு, அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியின் ஆரோக்கியவரம் சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுத்திருப்பது என்று பொருள். அதை மாற்றியது சென்னை. 1956-ல் இந்திய, சென்னை மாநில அரசுகளோடு உலகச் சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து தொடங்கிய மையம், நெருக்கடியான வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவரும் சானடோரியத்தில் இருந்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானதை 1959-ல் காட்டியது. கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை. இன்று விசாவுக்குச் சளி கேட்கும் நாடு, நம்மவர் சளியைப் பார்த்துத்தான் வீட்டுச் சிகிச்சையை நம்பக் கற்றது என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

“கர்ப்பிணிகள், பதினொரு வயதுக்குட்பட்டோர்”

கர்ப்பிணி எக்ஸ்ரேவுக்குப் பதில் சளிச் சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். சிறு பிள்ளைகளுக்குப் பொதுவாக எக்ஸ்ரே இல்லை. 2024 ஜனவரியிலிருந்து வகுப்பறை வழி முதுகலைக்கு வருபவர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாதென்பதால் பின்பாதி நம் மாணவரைத் தொடாது.

“சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்”

எக்ஸ்ரே எடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அன்று நோய் தெரியவில்லை என்பதற்கு மேல் இந்தத் தாள் எதுவும் சொல்லவில்லை. முடிக்கப்போகும் முதுகலைப் பட்டத்தையும் இதே கண்டிப்போடு படிப்பது நல்லது: பிரிட்டனில் ‘பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்’ சட்டத்தால் காக்கப்பட்ட பெயர், எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலின் பதிவு இல்லாமல் அந்தப் பெயரில் வேலை செய்ய முடியாது, எம்.எஸ்சி. மட்டும் அந்தப் பதிவைத் தந்துவிடாது. சேரும் முன் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியது இது.

இந்த வரி சொல்லாமல் விட்டதும் ஒன்றுண்டு. கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருந்தால் எக்ஸ்ரே காட்டாது. அதனால் இங்கிலாந்துக்குப் போய் டாக்டரிடம் பதிந்த பின், 16 முதல் 35 வயதுள்ள புதியவர்களைப் பல இடங்களில் ‘இக்ரா’ என்ற ரத்தச் சோதனைக்கு அழைக்கிறார்கள். பி.சி.ஜி. கிருமியில் இல்லாத இரண்டு புரதங்களை ரத்தத்துக்குக் காட்டி, அது அடையாளம் கண்டுகொள்கிறதா என்று பார்க்கும் சோதனை. பழைய ஊசியால் ஏமாறாது. இலவசம், கட்டாயமில்லை, விசாவைப் பாதிக்காது. அழைத்தால் போய்வரலாம்.