கொலராடோவின் கோடைப் பயிலரங்கு: அமெரிக்கப் பூர்வகுடி இளைஞர் தலைமை உருவான வரலாறு

பூர்வகுடி இளைஞர்களைத் தலைவர்களாக்கப் பயிற்சி தருகிறோம் என்று யார் கிளம்பினாலும், அந்த இளைஞர் ஊருக்கு யாருடைய ஆளாகத் திரும்பப் போகிறார் என்ற கேள்வியும் கூடவே கிளம்பும். இதற்கு அமெரிக்க அரசு தொடக்கத்தில் கண்ட விடை, பென்சில்வேனியாவில் 1879இல் திறக்கப்பட்ட கார்லைல் உண்டுறைப் பள்ளி. பிள்ளைகளின் முடியை வெட்டி, மொழியைத் தடைசெய்து, பெயரை மாற்றி, அவர்களை வெள்ளையர் வாழ்க்கையின் தூதர்களாக்குவது அதன் திட்டம். அது முழுதாகப் பலிக்கவில்லை. இத்தகைய கல்வி பெற்றவர்களில் சிலர் 1911இல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் கூடி, பல குலங்களுக்கும் பொதுவாக ‘அமெரிக்க இந்தியர் சங்கம்’ என்ற அமைப்பை நிறுவினார்கள். ஆனால் அந்தத் தலைமுறையின் பேச்சைக் கேட்டவர்கள் பெரும்பாலும் நகரத்துச் சீர்திருத்தவாதிகளே. அவரவர் குலத்துக்குள் அவர்களுக்கு இருந்த பிடி குறைவு.

இந்த இடைவெளியை வேறு விதமாக அணுகிய முயற்சி, 1956 கோடையில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக் கொலராடோ கல்லூரியில் தொடங்கிய ‘அமெரிக்க இந்திய விவகாரப் பயிலரங்கு’. அதை நடத்தியவர்கள் நினைத்ததும் அதிலிருந்து விளைந்ததும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காலச் சூழலை முதலில் சொல்லியாக வேண்டும். 1953 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் 108ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. குலங்களோடு மைய அரசுக்கு இருந்த சிறப்பு உறவைப் படிப்படியாக முடித்துக்கொள்வது அதன் நோக்கம். மறு ஆண்டே விஸ்கான்சினின் மெனாமினி, ஓரிகனின் கிளாமத் குலங்களின் சட்டத் தகுதியை நீக்கும் சட்டங்கள் வந்தன. இன்னொரு பக்கம், குலங்களுக்கென ஒதுக்கப்பட்ட ‘ரிசர்வேஷன்’ நிலங்களில் இருந்த குடும்பங்களைச் சிகாகோ, டென்வர், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்க்கும் வேலை நடந்தது. கல்லூரிக்குப் போன பூர்வகுடி மாணவர், தம் வீட்டில் இருக்கும் வறுமையைத் தம் மக்களின் குறையாகவே பாடப்புத்தகத்தில் படித்தார்.

பயிலரங்கின் யோசனை சிகாகோ பல்கலைக்கழக மானுடவியலாளர் சோல் டாக்ஸைச் சூழ்ந்த குழுவில் பிறந்தது. அயோவாவின் மெஸ்குவாக்கி மக்களிடையே 1948 முதல் அவருடைய மாணவர்கள் பணியாற்றிவந்தார்கள். ஆய்வு செய்துவிட்டுப் போவதோடு நில்லாமல், மக்கள் தாமே முடிவெடுக்க உதவ வேண்டும் என்பது அவர் கொள்கை. 1960இல் பொறுப்பு டார்சி மெக்நிக்கலின் ‘அமெரிக்க இந்திய மேம்பாடு’ அமைப்பின் கைக்கு வந்தது. மெக்நிக்கல் சிறுவயதில் உண்டுறைப் பள்ளியில் அடைபட்டவர், தம் பங்கு நிலத்தை விற்று ஆக்ஸ்போர்டு சென்றவர், நாவலாசிரியர், மைய அரசின் இந்திய விவகாரத் துறையில் 1936 முதல் 1952 வரை பணிபுரிந்தவர். அரசு எந்திரத்தை உள்ளிருந்தே பார்த்த இப்படிப்பட்ட ஆசிரியர் வேறெந்தப் பயிற்சிக்கும் எளிதில் வாய்த்திருக்க மாட்டார்.

ஆறு வார வகுப்பு அது. மேடைப் பேச்சு, கூட்டம் நடத்துதல் போன்ற தலைமை உத்திகள் அங்கே முதன்மை பெறவில்லை. சமூக அறிவியலும் அரசின் பூர்வகுடிக் கொள்கை வரலாறும்தான் பாடம். செரோக்கி குலத்தைச் சேர்ந்த மானுடவியலாளர் ராபர்ட் தாமஸ், ரிசர்வேஷன் வாழ்க்கையைக் காலனியாட்சியின் ஒரு வடிவமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். உள்நாட்டுக் காலனியம் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1966–67இல் அச்சேறின. தம் ஊரில் பள்ளி முதல் மருத்துவமனை வரை எல்லாவற்றையும் வெளியார் நிர்வகித்தால், அங்குள்ளவர்க்கு அனுபவமே கிடைக்காமல் போகிறது. அதையே திறமையின்மை என்று சொல்லி மீண்டும் வெளியாரை அமர்த்துகிறார்கள் என்பது அவர் காட்டிய சுழல். மாணவர்களுக்கு இதில் கிடைத்தது ஒரு விடுதலை என்றே நான் மதிப்பிடுகிறேன். வெட்கத்தைக் கோபமாக மாற்ற ஒரு கோட்பாடு போதுமாக இருந்தது.

போதுமா என்ற ஐயமும் உண்டு. ஓக்லஹோமாவின் போன்கா குலத்து கிளைட் வாரியர் பயிலரங்கின் பெயர்போன மாணவர். அவருக்குச் செல்வாக்கைத் தந்தது வகுப்பறை மட்டுமல்ல. தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, குலத்தின் பாடல்களைக் கற்று, பவ்வவ் விழாக்களில் ஆட்டக்காரராகப் புகழ்பெற்றிருந்தார். பெரியவர்கள் அவரைத் தங்கள் பிள்ளையாக ஏற்றதற்கு அதுவே காரணம். கோட்பாடு மட்டும் தெரிந்த மாணவர் பலரின் பெயர் இயக்க வரலாற்றில் இல்லாததை இதனோடு சேர்த்து யோசிக்கலாம்.

1961 ஜூனில் சோல் டாக்ஸ் ஒருங்கிணைத்த சிகாகோ மாநாட்டில் ஏறத்தாழ 90 குலங்களின் ஆட்கள் கூடினார்கள். அங்கே மூத்தவர்களின் நிதானம், பயிலரங்கில் படித்தவர்கள் உள்ளிட்ட இளைஞர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆகஸ்டில் நியூ மெக்சிகோவின் கேலப் நகரில் தனியே சந்தித்து, ‘தேசிய இந்திய இளைஞர் மன்ற’த்தைத் தொடங்கினார்கள். மெல் தாம், வாரியர், ஷெர்லி ஹில் விட், ஹெர்பர்ட் பிளாட்ச்ஃபோர்டு ஆகியோர் அதில் முன்னணியில் நின்றார்கள். அதிகாரிகளோடு இணக்கமாகப் பேசும் இடையாட்களை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஒரு திடுக்கிடலாக இருந்திருக்கும். 1964இல் வாஷிங்டன் மாநில ஆறுகளில், தடையை மீறி மீன்பிடிக்கும் போராட்டத்தில் மன்றம் இறங்கியது. 1854ஆம் ஆண்டின் மெடிசின் கிரீக் ஒப்பந்தம் தந்த மீன்பிடி உரிமையை மாநில அரசு மறுத்ததே காரணம். அதில் கலந்துகொண்ட நடிகர் மார்லன் பிராண்டோ கைதானதால் செய்தி நாடெங்கும் பரவியது. ஆற்றில் நெடுங்காலம் நின்று போராடியவர்கள் என்னவோ பில்லி ஃபிராங்க் ஜூனியர் போன்ற நிஸ்குவாலி மீனவர்கள்தான். 1974இல் இந்த உரிமை குறித்த வழக்கில் நீதிபதி போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை குலங்களுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். அதைக் காண வாரியர் இல்லை. 1968இல் 28 வயதில் இறந்துபோனார்.

அதே காலத்தில் ஓசையில்லாமல் இன்னொரு பயிற்சிக்களம் உருவானது. 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டம், வறுமை ஒழிப்பு நிதியை இந்திய விவகாரத் துறையைத் தாண்டிக் குலங்களுக்கே கொண்டுசேர்த்தது. வரவுசெலவு போடுவதையும் ஆள் எடுப்பதையும் குல மக்களே பழகினார்கள். இந்த நிதியில் இயங்கிய நவாஹோ குலத்தின் திட்ட அலுவலகத்துக்கு இயக்குநராக இருந்த பீட்டர் மெக்டொனால்டு 1970இல் குலத்தலைவராகத் தேர்வானார். நிர்வாக அனுபவம் தேர்தல் செல்வாக்காக மாறிய விதத்துக்கு இது சான்று. தாமஸ் காட்டிய சுழலை உடைத்ததில், அவருடைய மாணவர்களின் போராட்டத்துக்கு இணையான பங்கு இந்தக் கணக்குப் புத்தகங்களுக்கும் உண்டு. ஆனால் ஆய்வாளர்கள் போராட்டத்தையே விரும்பி எழுதுகிறார்கள்.

போராட்டம், நிர்வாகம் ஆகிய இவ்விரண்டையும் இணைக்க முயன்றவர் கொமாஞ்சி குலத்து லடோனா ஹாரிஸ். 1970இல் அவர் நிறுவிய ‘இந்தியர் வாய்ப்புக்கான அமெரிக்கர்’ அமைப்பு, 1993இல் ‘தூதர்கள்’ என்ற தலைமைப் பயிற்சியைத் தொடங்கியது. உறவு, பொறுப்பு, கைம்மாறு, பகிர்ந்தளித்தல் ஆகிய நான்கு பூர்வகுடி விழுமியங்கள் அதன் அடிப்படை. நியூசிலாந்தின் மாவோரி மக்களோடும் அது தொடர்பு வளர்த்தது. பயிலரங்கு கல்லூரி மாணவர்களைத் தேடியது. இது ஏற்கெனவே பணியில் இருக்கும் இளையவர்களைத் தேடுகிறது. வாரியருக்குத் தாத்தா பாட்டியிடமிருந்து கிடைத்ததைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர இத்திட்டம் முனைகிறது. வகுப்பில் கற்ற விழுமியத்தை ஒரு குலத்தின் பெரியவர்கள் தங்களுடையதாக ஒப்புக்கொள்வார்களா என்பதை அந்தந்த ஊரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.