தரவுவகை மாற்றம்: ஏற்காடு தொடர்பான பதிவுகளின் வழியே

தரவுவகை மாற்றம் என்பது ஒரு மென்பொருளில் எண், உரை, தேதி எனச் சேமித்த தரவை இன்னொரு மென்பொருள் அதே பொருளில் வாசிக்கும்படி மாற்றியமைப்பது. புள்ளியியல் மென்பொருளுக்கும் மேசைக்கணினித் தரவுத்தளத்துக்கும் இடையே இம்மாற்றம் அடிக்கடி தேவைப்படுகிறது. பிழை நேர்ந்தாலும் பல சமயம் எந்த எச்சரிக்கையும் வராது என்பதே இதன் சிக்கல்.

இரண்டு மரபுகள்

எஸ்.பி.எஸ்.எஸ். 1968ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. அது துளையட்டைகளின் காலம். ஓர் அட்டையில் 80 நிரல்களே இருந்ததால் விடைகளை 1, 2 என்ற குறியெண்களாகவும், விடை தெரியாததை 9 அல்லது 99 என்றும் பதிந்தனர். சாஸ் (1976), ஸ்டாட்டா (1985) ஆகியவை பின்னர் வந்தன. தரவுத்தளங்களின் மரபு வேறு. எட்கர் காட் 1970ல் முன்வைத்த உறவுசார் மாதிரியைப் பின்பற்றி 1992ல் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வெளிவந்தது. அதில் முழு எண், பணம், தேதி, ஆம்/இல்லை எனத் தனித்தனி வகைகள் உண்டு. மதிப்பு இல்லாத இடம் வெற்றாகவே விடப்படும்.

தேதி

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தவர். பல்லாவரத்தில் அவர் கற்கருவியைக் கண்டெடுத்த நாள் 1863 மே 30. இந்த ஒரே நாளை மென்பொருட்கள் வெவ்வேறு எண்களாகச் சேமிக்கின்றன:

- சாஸ், ஸ்டாட்டா: 1960 ஜனவரி 1 முதல் எண்ணும் நாட்கள், -35,279
- ஆர்: 1970 ஜனவரி 1 முதல் எண்ணும் நாட்கள், -38,932
- ஆக்சஸ்: 1899 டிசம்பர் 30 முதல் எண்ணும் நாட்கள், -13,363
- எஸ்.பி.எஸ்.எஸ்.: 1582 அக்டோபர் 14 முதல் எண்ணும் வினாடிகள், 8,85,56,54,400

ஸ்டாட்டாவின் எண்ணை அப்படியே ஆக்சஸ் தேதியாக வாசித்தால் 1803 மே 29 என்று வரும். அறுபது ஆண்டுகளும் ஒரு நாளும் பின்னே போய்விட்டது; ஃபூட் பிறந்ததோ 1834ல். ஆனாலும் அது செல்லுபடியாகும் தேதி என்பதால் ஆக்சஸ் அதை மறுக்காது. இடையில் எக்செல் வழியாகச் சென்றால் வேறொரு தொல்லை: 1900க்கு முந்தைய நாட்களை எக்செல் தேதியாக ஏற்பதில்லை, உரையாகவே வைத்துக்கொள்ளும்.

குறியீட்டெண்

ஏற்காடு வட்டம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் குறியீடு 33, சேலத்தின் குறியீடு 08. கோப்பை இறக்கும்போது மென்பொருள் 08 என்பதை எண்ணாகக் கருதினால் முன்னுள்ள பூச்சியம் மறைந்து 8 ஆகிவிடும். பிறகு 3308 என்று சேர்க்க வேண்டிய இடத்தில் 338 வரும். சேலம் பட்டியலில் கிடைக்காது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டங்களுக்கு நாடு முழுவதும் தொடரும் மூன்றிலக்க எண்கள் தரப்பட்டன. சேலம் 608 ஆனது. ஆகவே இரு கணக்கெடுப்புகளையும் ஒப்பிட, இரண்டு குறியீடுகளையும் இணைக்கும் தனி அட்டவணை தேவை.

விடுபட்ட மதிப்பு

நால்வரில் மூவரின் வயது 20, 30, 40. நான்காமவரின் வயது தெரியாததால் 99 எனப் பதியப்பட்டது என்று கொள்வோம். 99 விடுபட்ட மதிப்பு என எஸ்.பி.எஸ்.எஸ்.சில் அறிவித்திருந்தால் சராசரி 30. அந்த அறிவிப்பு இல்லாமல் எண் மட்டும் ஆக்சஸுக்குச் சென்றால் சராசரி 47.25. இதுபோல ஆக்சஸ் 'ஆம்' என்பதை -1 எனச் சேமிக்கும். ஆய்வாளர்கள் வழக்கமாக 1 என்றே எழுதுவர். அப்படியே கூட்டினால் 'ஆம்' என்றவர்களின் எண்ணிக்கை குறை எண்ணாக வரும்.

தீர்வுகள்

தேதிகளை 1988ல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 முறைப்படி 1863-05-30 என்று எழுதி மாற்றுவது பாதுகாப்பானது. கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத குறியீட்டெண்களை உரையாக வைக்க வேண்டும். 1, 2, 99 ஆகியவற்றின் பொருளை விளக்கும் குறியீட்டு விளக்கக் கோப்பு தரவோடு சேர்ந்தே செல்ல வேண்டும். மாற்றிய பிறகு வரிகளின் எண்ணிக்கை, வெற்றிடங்களின் எண்ணிக்கை, மிக முந்தைய தேதி, மிகப் பிந்தைய தேதி ஆகியவற்றை இருபுறமும் ஒப்பிட்டால் மேற்கண்ட பிழைகளில் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும்.