வேறு வச்ச ஜன்னல்கள்

எங்க காரைக்குடிப் பக்கம் 'வேறு வைக்கிறது'ன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. நகரத்தார் வீட்டுல மகனுக்குக் கல்யாணம் ஆனா, அதே வீட்டுக்குள்ள தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வாசலும் வளவும் மட்டும் பொது. நிரல் எழுதுற எடிட்டர்களோட வரலாறும் கிட்டத்தட்ட இதேதான். சிரிக்காதீங்க, சொல்றேன் :-)

1976-ல பில் ஜாய் பெர்க்லியில் விஐ எழுதினப்ப இருந்தது ஒரே திரை. கொஞ்ச நாள்ல பெர்க்லி யூனிக்ஸில் ஒரு வழி வந்தது. கண்ட்ரோல்-இசட் அடிச்சா எடிட்டர் தூங்கிடும், இன்னொரு வேலையை முடிச்சுட்டு 'எஃப்ஜி'ன்னு தட்டினா எழுந்து வரும். ஒரே அறையில முறை வச்சுப் படுக்கிற கதை.

1985-ல வந்த குனு ஈமேக்ஸுக்குப் பிரச்சனை வேற. எட்டு மெகாபைட்டை முழுங்கியும் பசி அடங்காதுன்னு அந்தக் காலத்துல கிண்டல் பண்ணுவாங்க. ஒவ்வொரு கோப்புக்கும் புதுசா திறந்தா கட்டுப்படியாகுமா? அதுக்காக வந்ததுதான் 'ஈமேக்ஸ் கிளையண்ட்'. கட்டளை வரியில தட்டினா, ஏற்கெனவே ஓடுற ஈமேக்ஸ் கோப்பை வாங்கித் திறக்கும். நாம முடிச்சுட்டோம்னு சொல்ற வரைக்கும் கட்டளை காத்திருக்கும். 2009-ல வந்த 23-ம் பதிப்புல, ஒரே ஈமேக்ஸை டெர்மினல்லயும் தனி ஜன்னல்லயும் ஒரே நேரத்துல திறக்க முடிஞ்சது. பல அறை, ஒரே வீடு. ஆனா கூரை விழுந்தா எல்லா அறையும் காலி.

பிராம் மூலனாரின் விம் (1991) வேற குணம். ஒவ்வொரு டெர்மினல்லயும் தட்டுறது தனித்தனி வீடு. 2001-ல வந்த 6.0-ல தான் 'சர்வர்நேம்', 'ரிமோட்'னு பேர் சொல்லிக் கூப்பிடுற வசதி வந்துச்சு.

இங்கதான் நான் அடிபட்டேன். அப்பத்தா சொல்லச் சொல்லத் தட்டின பர்மாக் கதைகள் ஒரே கோப்புல. ரெண்டு டெர்மினல்ல திறந்துட்டேன். ஸ்வாப் கோப்பு இருக்கு, ஜாக்கிரதைன்னு விம் எச்சரிச்சது. படிக்காமலே 'பரவாயில்ல, திற'ன்னு அமுக்கினேன். பழைய ஜன்னல்ல சேமிச்சப்ப மறுபடியும் கேட்டது, அதுக்கும் ஆமான்னுட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க அப்பத்தா சொன்னது போச்சு. திரும்பக் கேக்க இன்னைக்கு அப்பத்தா இல்ல.

2015-ல வந்த விஎஸ் கோட்ல 'கோட் மைனஸ் என்'னா புது ஜன்னல், 'மைனஸ் ஆர்'னா இருக்கிற ஜன்னலே. ஆனா ஜன்னல் எத்தனை திறந்தாலும் உள்ளே முக்கிய புராசஸ் ஒண்ணுதான், அமைப்புகளும் பொது. கணக்கையே பிரிக்கணும்னா 'யூசர்-டேட்டா-டிர்'னு வேற கோப்புறையைக் காட்டணும். அதுதான் நிஜமா வேறு வைக்கிறது.

நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். ஜன்னலைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, எது பொது எது தனின்னு தெரிஞ்சுக்கணும். எங்க ஊர்ப் பெரியவங்க அடுப்பைப் பிரிச்சப்பவே கணக்கையும் பிரிச்சாங்க.

டிஸ்கி: எச்சரிக்கை வந்தா தயவுசெஞ்சு படிங்க மக்கா.