துரும்பும் அல்வாவும்: மதுரைப் பேச்சில் காதல் மறுப்பு

காதலைச் சொல்லி மறுக்கப்பட்டவனை ‘கூடை வாங்கிவிட்டான்’ என்பது ஜெர்மானியர் வழக்கு. மாடத்திலிருந்து பெண் இறக்கும் கூடையில் ஏறிப்போகும் இளைஞன், அவள் விரும்பாதவனாயின் அடி நைந்த கூடையிலிருந்து பாதியில் விழுவான் என்று அத்தொடருக்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. இன்று ஆணும் கூடை கொடுக்கலாம், பெண்ணும் கொடுக்கலாம். வாங்கியவருக்கு வலிக்கும், கொடுத்தவர்மேல் வஞ்சகப் பழி விழுவதில்லை.

மதுரையின் கோச்சடையில், மேலக்கால் சாலைத் தேநீர்க் கடைகளில், இதே செய்தி ‘கழட்டி விட்டுட்டா’, ‘அல்வா குடுத்துட்டா’ என்று வரும். கழற்ற வேண்டுமானால் முன்பு பூட்டியிருக்க வேண்டும். ஒருநாளும் இணங்காத பெண்ணைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள். அல்வாவோ வெளிப்படையாக ஏமாற்றைக் குறிப்பது. ‘பிடிக்கலைன்னு சொல்லிட்டா’ என்ற நேரான தொடர் இல்லாமலில்லை; ஆனால் நண்பர் கூட்டத்தில் நிலைப்பது அல்வாதான். அந்தச் சொல் மறுப்பைத் துரோகமாக்கிவிடுகிறது. மறுத்தவளைக் குற்றவாளியாகப் பார்க்கும் கண் அங்கிருந்தே திறக்கிறது என்பது என் துணிபு.

பிறழுறவுச் சொற்களிலும் இதே கோணல். ஆண் ‘வச்சிருக்கான்’, பெண் ‘ஓடிப்போயிட்டா’. அவனுக்குச் ‘சின்ன வீடு’ உண்டு, 1985இல் அது திரைப்படத் தலைப்பாகவும் ஆயிற்று. அவளுக்கு வீடே இல்லை. ‘அயலே போதல்’ என்று பொருள்படும் ஜெர்மன் வினை இருபாலுக்கும் ஒன்றே. மனைவியைக் கணவனின் உடைமைபோல் நடத்திய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27இல் நீக்கியது. பேச்சில் அந்தப் பிரிவு இன்னும் நடப்பில் இருக்கிறது.

ஆனால் இந்த மண்ணுக்கு வேறொரு சொல்லும் இருந்தது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வெளிவந்த தம் தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன், கள்ளர் சமூகத்தாரிடையே ஊரார்முன் துரும்பு கொடுத்து மணமுறிவு செய்யும் வழக்கத்தைக் குறித்திருக்கிறார். துரும்பு கொடுத்தல் விலக்குதல். துரும்பு வாங்குதல் அவ்விலக்கை ஏற்றல். கோச்சடைக்கு மேற்கே உசிலம்பட்டி வரை கள்ளர் நாடு என்பதால் இது நமக்கு அயல் செய்தி அன்று. மணமுறிவு வேறு, காதல் மறுப்பு வேறு, அறிவேன். துரும்பைக் கொடுத்த கை பெரும்பாலும் ஆணின் கையாக இருந்திருக்கலாம். ஆயினும் கூடை, துரும்பு, அல்வா மூன்றும் ‘கொடு’ என்ற ஒரே வினையில் நிற்க, கொடுக்கும் பொருளில்தான் அறம் மாறுகிறது. எடையற்ற, விலையற்ற துரும்பு பலர் அறியக் கைமாறும். வாங்குபவருக்கும் அங்கே ஒரு வினை உண்டு: ஏற்றல். இனிப்பென்று நம்பவைத்து மறைவில் நீட்டப்படுவது அல்வா. அதை வாங்கியவனுக்குச் சினம் ஒன்றே மிஞ்சும்.

ஊர்ப்பேச்சைத் தொகுப்போர் துரும்பு கொடுத்தலை வழக்கொழிந்த சடங்காக மட்டும் பதியாமல், மறுப்பைச் சுட்டும் தொடராகவும் பதிய வேண்டும். படிப்பவரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ‘அல்வா குடுத்துட்டா’ என்று யாரேனும் சொன்னால், அவள் எப்போதாவது சரி என்று சொல்லியிருந்தாளா என்று கேளுங்கள்.